கைவழியே ஏறிய உப்புத் தண்ணீர்

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிய வருஷத்துக் கோடையில் எனக்கு வாந்திபேதி கண்டது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். கணவர் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா.

முக்கூடலில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மாட்டுவண்டியில் திரும்பியிருந்தோம். மறுநாள் விடியும்போதே வயிறு கலக்கியது. பத்து மணிக்குள் எழுந்து நிற்க முடியாமல் போயிற்று. கெண்டைக்கால்கள் முறுக்கிக்கொண்டன. நாளெல்லாம் துணி துவைத்தவளுடையவை போல விரல் நுனிகள் சுருங்கிவிட்டன. பேசினால் காற்றுத்தான் வந்தது. கணவர் என்னைப் பாயோடு சுருட்டித் தூக்கி, வண்டியில் போட்டுப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கிருந்த டாக்டரம்மா நம் பக்கத்துக்காரர்தான், மெட்ராஸில் படித்தவர். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி கிடைக்கவில்லை. வாய்வழி எது கொடுத்தாலும் தங்காது, உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைக் கை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும் என்றார். ரத்தத்தில் தண்ணீர் கலக்கலாமா என்று கணவர் தயங்கிக் கேட்டார்.

"கண்ணீர் கரிக்கும்லா? ரத்தமும் அப்படித்தான். போன தண்ணியத் திருப்பிக் குடுக்கோம், அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

பிறகு என் காதருகே குனிந்து, செய்யப் போவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். முழங்கை மடிப்பில் சின்னதாக ஒரு கீறல். அதில் மெல்லிய வெள்ளிக் குழாய். தண்ணீர் வெதுவெதுப்பாக ஏறும். கையை மட்டும் அசைக்கக் கூடாது.

கீறியது பெரிதாக வலிக்கவில்லை. உடம்பு அவ்வளவு மரத்துப்போயிருந்தது. நர்ஸ் ஒருத்தி கண்ணாடிக் குடுவையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றாள். ரப்பர் குழாய் வழியாக இறங்கிய சூடு முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறி, மார்புக்குள் பரவியது. கால் முறுக்கு பைய விட்டது. புகைக்குப் பின்னால் நின்றதுபோலிருந்த கணவரின் முகம் தெளிந்து வந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கேட்ட குரல் என்னுடையதாகவே இருந்தது.

"குரல் வந்துட்டு" என்றார் கணவர். நர்ஸிடம் சொன்னார், வாசலில் காத்திருந்த வண்டிக்காரரிடமும் போய்ச் சொன்னார்.

தண்ணீர் ஏற்றி முடித்து அரை மணி கழித்துக் குளிர் வந்தது. பற்கள் கிட்டிக்கொண்டன, கட்டிலே ஆடியது. டாக்டரம்மா வேறு வார்டுக்குப் போயிருந்தார். பிழைத்தேன் என்று நினைத்தது பொய், சாவு இப்போதுதான் வருகிறது என்று நினைத்தேன். நர்ஸ் மூன்று கம்பளிகளைப் போர்த்தி, காலடியில் வெந்நீர்ப் புட்டிகளை வைத்தாள். ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. அப்படியே தூங்கிப்போனேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்ததும் அவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். எல்லாம் சொன்னவர் இந்தக் குளிரை மட்டும் ஏன் சொல்லவில்லை? அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சொன்னா பயந்துபோய் வேண்டாம்னுருவியோன்னு விட்டுட்டேன். சொல்லியிருக்கணும், தப்புதான்."

டாக்டர் ஒருவர் தப்பு என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

மறுநாள் சிறுநீர் பிரிந்தது. அது பிரிந்தால்தான் உயிருக்கு உத்தரவாதமாம். நர்ஸ் அதை வராந்தாவில் நின்ற கணவரிடம் பெண் குழந்தை பிறந்த சேதிபோல உரக்கச் சொன்னாள். நான் வெட்கத்தில் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆற்றோரக் கிராமத்திலிருந்து பயிர்செய்து பிழைக்கும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கத்தியைக் கண்டதும் கையை முதுகுக்கடியில் மடக்கிக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் நீட்டவில்லை. டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, நீ சொல்லிப் பாரேன் என்றார். நர்ஸ் தாங்கிப் பிடிக்க, போய் அவளருகே நாற்காலியில் உட்கார்ந்து என் கையில் கீறிய இடத்தில் போட்டிருந்த கட்டைக் காட்டினேன்.

"செத்துருவனா?" என்று கேட்டாள். காற்றுக் குரல்.

"மாட்டீங்க அக்கா. தண்ணி ஏறுதப்போ சுகமாத்தான் இருக்கும். பொறவு ஒரு குளிர் வரும். செத்துப்போற மாதிரியே இருக்கும், ஆனா ஒரு மணி நேரத்துல விட்டுரும். நான் இங்கனதான் இருப்பேன்."

என் கையிலிருந்த கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் கையை நீட்டினாள்.

குளிர் வந்தபோது அவள் பாதங்களை என் மடியில் வைத்துக்கொண்டேன். கிட்டிய பற்களுக்கிடையே, "இதானா?" என்றாள்.

"இதேதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அவளும் பிழைத்தாள். அதன்பின் டாக்டரம்மா எல்லோரிடமும் குளிரைப் பற்றி முதலிலேயே சொல்லத் தொடங்கினார்.

பத்து நாள் அங்கே இருந்தேன். கச்சேரி முடிந்ததும் கணவர் வருவார். வராந்தாவில் உட்கார்ந்து, கச்சேரியில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று கதை சொல்வார். கல்யாணமானதிலிருந்து நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. வீட்டுக்கு வந்த அன்று அவரே சோற்றைக் குழைய வடித்து, மிளகு ரசம் வைத்திருந்தார். ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.