மேசைமேல் குலுக்கிய சீட்டு

அன்பர்களே, இன்று காலை சங்ககிரிப் பேருந்தில் கேட்டது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளியில் வாசிப்புக் கற்பிக்கும் புதுமுறை ஒன்றைச் சோதித்து வரும் ஆராய்ச்சி மாணவி, மடியில் சைக்ளோஸ்டைல் தாள்களுடன் என் அருகே அமர்ந்திருந்தார். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் புதுமுறை, மற்றவர்களுக்குப் பழையமுறை. எவருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தாராம்.

வழியில் ஏறிய பாவாயி அவரைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள். அந்த வகுப்பில் படிக்கும் அவள் மகளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாது. சீட்டிலோ பழையமுறை வந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளையப் புது வகுப்புக்கு மாத்தி உடுங்க."

"சீட்டுல வந்தத மாத்தக் கூடாதுங்கம்மா."

"எந்தச் சாமி முன்னால போட்டீங்க?"

"ஆபீஸ் ரூம் மேசை மேலதாங்க. யாரோட விருப்பமும் உள்ள வந்துடக் கூடாதுன்னுதான் சீட்டே."

பாவாயி என் பக்கம் திரும்பினாள். "தெனமும் கோயில்ல பாடறவங்க, நீங்க சொல்லுங்க சாமி. இது செல்லுங்களா?"

நான் திகைத்தேன். இறைவனின் விருப்பத்தை அறியவே இத்தனை ஆண்டுகளாகச் சந்நிதியில் சீட்டெடுத்து வருகிறேன். எவர் விருப்பமும் புகாதிருக்கச் சீட்டெடுப்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

"எந்த முறை நல்லதுன்னு எனக்கே தெரியாதுங்க. பழசே ஜெயிச்சாலும் ஜெயிக்கும்" என்றார் மாணவி.

"உங்களுக்கே தெரியாதுங்களா! நல்லதுன்னு தெரிஞ்சே எம்புள்ளைக்கு இல்லைங்கறீங்கன்னு நெனச்சுட்டனுங்க. இருக்கற எடத்துலயே இருக்கட்டும்."

பாவாயி நிம்மதியாக இறங்கிப் போனாள். குழப்பம் மட்டும் என்னுடன் சங்ககிரி வரை வந்தது.

அந்த மேசையில் வந்த சீட்டு எவருடைய திருவுளம்? தெளிந்தவர்கள் எழுதுங்கள். சீட்டுப் போட்டுப் பார்த்து எழுத வேண்டாம்.