இடப்பக்கச் சில்லும் அத்தானின் ஸ்பேனரும்

ஸ்பேனரைத் தேர்ந்தெடுக்க நட்டின் அளவைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஸ்பேனர் கொண்டுவந்தவரின் வயதைப் பார்ப்பார்கள் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்தைய வருடங்கள் அவை. வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதையைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத் துரையிடமிருந்து பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். விடியற்காலைகளில், பாமன்கடைப் பக்கத்து ரோட்டில் மாடுகள் மட்டும் நடமாடும் நேரத்தில், எனக்கு அதை ஓட்டப் பழக்கினார். நான் கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். அதைத் தவிர நல்ல வாத்தியார்.

திங்கட்கிழமை காலை எனக்கு லைசென்ஸ் பரீட்சை. புதன்கிழமை காலை யாழ்ப்பாண ரயிலில் மாமி, அதாவது என் கணவரின் தாயார், எங்களோடு தங்குவதற்கு வருகிறார். என் தலைவிதி இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. லைசென்ஸ் கையில் இருந்தால் அது நடந்து முடிந்த காரியம். மாமி முணுமுணுக்கலாம், முகத்தைத் திருப்பலாம், அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாமல் அவர் வந்து இறங்கினாரோ, நான் இனி அந்தக் காரின் பின் சீட்டில் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மூத்த மருமகள் ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசல் படலைவரை போனதையே மாதக்கணக்காகச் சொல்லிக் காட்டியவர் அவர். என் கணவர் கந்தோரில் துரையோடு கூட வாதாடுவார். தாயாரின் முன்னால் மட்டும் "ஓமம்மா" என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயிலிருந்து வராது.

சனிக்கிழமை பின்னேரம் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்தோம். பிரேக்கை அமர்த்தினால் கார் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இடது பின் சில்லின் பிரேக்கில் எண்ணெய் கசிந்து பிடிப்பு விட்டிருந்தது. பரீட்சை எடுக்கும் பறங்கி இன்ஸ்பெக்டருக்குத் திடீரென்று பிரேக் போடச் சொல்வதில் தனிச் சந்தோஷம் என்று ஊரெல்லாம் பேச்சு. சில்லைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் பிரேக் மூடியையும் கழற்றித் துடைத்தாக வேண்டும். அந்த மூடியை அச்சோடு சேர்த்துப் பிடித்திருந்தது ஒரே ஒரு பெரிய நட்.

ஞாயிறு காலை என் கணவர் காரை ஜாக்கில் ஏற்றி, சில்லைக் கழற்றி, நட்டின் குறுக்கே இருந்த ஊசியையும் உருவி எடுத்தார். காரோடு வந்த பெட்டியில் ஒரு பொக்ஸ் ஸ்பேனர் இருந்தது. குழாய்போல நட்டின் தலையை முழுதாக மூடிப் பிடிப்பது. வைத்துப் பார்த்தார். அளந்து செய்ததுபோல இருந்தது. அவர் அதைத் திருப்பக் கையைத் தூக்கியபோதுதான் படலை திறந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து அத்தான் வந்திருந்தார். என் அக்காவின் கணவர். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவரே, அதை மறக்க விடாதவரும் அவரே. துறைமுகத்தில் அவருக்குக் கந்தோர் வேலை. இயந்திரங்களைத் தினமும் ஜன்னலால் பார்ப்பார். பேப்பரில் சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல ஒரு ஸ்பேனரை ஏந்தி வந்தார். அது கப்பலுக்குச் செய்தது. எங்கள் காரையே அதற்குள் வைத்துத் திருப்பலாம்.

"உந்த ஸ்பேனரை விடும் தம்பி," என்றார் என் கணவரின் கையைப் பார்த்து. "உது விளையாட்டுச் சாமான். கடல் காத்திலை உப்புப் பிடிச்ச நட் உது. முதல்லை ஒருக்கா இறுக்கிப்போட்டுத்தான் கழட்ட வேணும். துறைமுகத்திலை அப்பிடித்தான் செய்யிறவங்கள்."

சொன்னாரே தவிர, அதைச் செய்ய அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. தகரத் துண்டுகளை மடித்து இடைவெளியில் செருகி, ஸ்பேனரை நட்டில் மாட்டி, நேரே இடப்பக்கமாகத் திருப்பத் தொடங்கினார். தகரம் நசுங்கியது, ஸ்பேனர் வழுக்கியது, அத்தான் இரண்டு முறை புல்லில் உட்கார்ந்தார். என் கணவர் பொக்ஸ் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றார்.

சத்தம் கேட்டு முன்வீட்டு நானா வந்தார். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர், ஊருக்கே நானா. விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பைப் ரெஞ்சோடு திரும்பி வந்தார்.

"இத வச்சிப் பாருங்க. பல்லு ஈக்கிற சாமான். கடிச்சா உடாது."

கடித்தது உண்மைதான். நட்டின் மூலைகளைத்தான் கடித்தது. நானா அத்தானுக்கு இளையவர், என் கணவருக்கு மூத்தவர். ஆகவே இரண்டாவது முறை அவருடையது. சரியான அளவுள்ள ஸ்பேனர் ஆக இளையவரின் கையில் இருந்தபடியால் அது கடைசிவரை காத்திருந்தது. அந்த நட்டின் மூலைகள் உருண்டுவிட்டால் புது நட் சீமையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். மாமியோ ரயிலில் வருகிறார்.

மத்தியானத்துக்கு முன்பு ஒருவழியாகப் பொக்ஸ் ஸ்பேனரின் முறை வந்தது. அதற்கும் அத்தானே பொறுப்பெடுத்துக்கொண்டார். பலம் கூட வேண்டும் என்று எங்கள் கட்டிலின் நுளம்பு வலைக் குழாயைக் கழற்றி அதன் கைப்பிடியில் செருகி நீட்டினார்கள். மூன்று ஆண்களும் சேர்ந்து இடப்பக்கமாக அமர்த்தினார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம்.

"அசைஞ்சிட்டுது," என்றார் அத்தான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "அரைவாசி வேலை முடிஞ்சுது."

நான் தேநீர்த் தட்டோடு குனிந்து பார்த்தேன். காலையில் நான் பார்த்தபோது அச்சின் நுனி நட்டுக்கு வெளியே கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதைவிடக் கூட நீட்டிக்கொண்டிருந்தது. ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறந்து பழகிய எவளுக்கும் விளங்கும்: கழறுகிற நட் வெளியே வரவேண்டும், உள்ளே போகக்கூடாது. காலையிலிருந்து இவர்கள் அதை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என் கணவரைக் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சைக்கிளிலையும் இடது பெடலுக்கு மரை மறுபக்கம்தான், வலப்பக்கம் திருப்பினால்தான் கழரும்," என்றார் மெதுவாக. "இடப்பக்கச் சில்லு. எனக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும்."

"அப்ப போய்ச் சொல்லுங்கோவன்."

"ஆருக்கு? அண்ணைக்கோ? நானாவுக்கு முன்னாலையோ?"

அத்தானைத்தான் அவர் அண்ணை என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு கல்யாண வீட்டில் தனக்கு இரண்டாவதாகச் சந்தனம் நீட்டினார்கள் என்று சாப்பிடாமல் எழும்பிப் போனவர் அத்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டாரோடு அக்காவுக்கும் பேச்சு இல்லாமல் போனது. காலை முழுவதும் நட்டைப் பிழையான பக்கம் திருப்பினீர்கள் என்று வெளியாள் ஒருவருக்கு முன்னால் சொன்னால், என் அக்காவை நான் இனிக் கனவில்தான் பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் லைசென்ஸும் கனவில்தான். வெளியே அத்தானின் குரல் கேட்டது.

"இனி உளிதான். நட்டைப் பிளந்து எடுப்பம். நானா, கடையிலை உளி கிடக்கோ?"

தட்டை வைத்துவிட்டு ஓடினேன். நல்ல யோசனை எதுவும் என்னிடம் இருக்கவில்லை. பயம்தான் இருந்தது, வாய் தானாகப் பேசியது.

"அத்தான், காலமை நீங்கள் ஒண்டு சொன்னீங்கள். அதை இவர் செய்யாமலே விட்டிட்டார்."

"என்ன சொன்னனான்?"

"முதல்லை ஒருக்கா இறுக்கிப்போட்டுத்தான் கழட்ட வேணும் எண்டு. துறைமுகத்திலை அப்பிடித்தான் எண்டு."

அத்தான் என் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவர் ஆயுள் முழுக்க மறக்கவில்லை. "நான் சொன்னனான்தானே தம்பி. ஏன் செய்யேல்லை?"

"மறந்துபோனன் அண்ணை," என்றார் என் கணவர். அந்த ஒரு பொய்க்காகவே அவரை மறுபடியும் கல்யாணம் செய்யலாம் போல இருந்தது எனக்கு.

மூவரும் குழாயைப் பிடித்து வலப்பக்கமாக, இறுக்குவதாக நினைத்து அமர்த்தினார்கள். முதலில் குழாய்தான் வளைந்தது. பிறகு பலகை பிளப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது, நட் விட்டுக்கொடுத்தது. நானா தன் தாடியைத் தடவினார். அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீரோ? பிடி விட்டிட்டுது. இனி இடப்பக்கம் திருப்பும்."

இடப்பக்கம் திருப்பினால் அது திரும்ப இறுகும். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அத்தானின் கையைப் பார்த்தேன்.

"ஐயோ, கையெல்லாம் கிறீஸ் அத்தான். வாங்கோ, சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுத் தேசிக்காய்த் தண்ணி குடியுங்கோ. நானா, நீங்களும் வாங்கோ. மிச்சத்தை இவர் பாக்கட்டும், காலமை முழுக்கச் சும்மாதானே நிண்டவர்."

அந்தக் கடைசி வசனம் அத்தானுக்கு நிரம்பப் பிடித்தது. அவர் கைகழுவி, தேசிக்காய்த் தண்ணி குடித்து, துறைமுகத்தில் ஒரு நங்கூரச் சங்கிலி சிக்கிய கதையை நானாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நட் ஒரு மண்ணெண்ணெய்க் கிண்ணத்துக்குள் கிடந்தது. அதற்குப் பிறகு வெகுகாலம், கொட்டாஞ்சேனையில் அத்தானுக்குத் தெரிந்தவர்கள் யாரும் எந்த நட்டையும் முதலில் இறுக்காமல் கழற்றியதில்லை.

திங்கட்கிழமை அந்தப் பறங்கி இன்ஸ்பெக்டர் எதிர்பார்த்தபடியே ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் "நிறுத்து" என்றார். கார் கோடு கிழித்தாற்போல நேராக நின்றது. அவருடைய தொப்பிதான் விழுந்தது. லைசென்ஸ் தந்தார்.

புதன்கிழமை கோட்டை ஸ்டேஷனில் மாமி இறங்கினார். பெட்டிகளைப் பின்னால் கட்டிவிட்டு என் கணவர் ரயில்களை ஆராயத் தொடங்கினார். மாமி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கேட்டார்.

"டிரைவர் எங்கை?"

"நான்தான் மாமி."

என் கணவர் ஓடி வந்து முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். காலிமுகத்திடலைத் தாண்டினோம், கொள்ளுப்பிட்டி போனது, பம்பலப்பிட்டி போனது. மாமி வீட்டில் இறங்கி உள்ளே போனார். அன்றைக்கு முழுவதும் வாயைத் திறக்கவில்லை. லைசென்ஸ் கையில் இருந்தால் தடுக்க முடியாது என்று நான் போட்ட கணக்கு எவ்வளவு மடத்தனம் என்று தோன்றியது. பேசாமல் இருக்கும் மாமியை எந்த லைசென்ஸைக் காட்டி வெல்வது?

மறுநாள் விடிந்ததும் வாசலுக்கு வந்தேன். மாமி தலைமுழுகி, கூறைப்புடவை போன்ற ஒரு பட்டுச் சீலையை உடுத்திக்கொண்டு, மடியில் பூத்தட்டோடு காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ தெரியாது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கொச்சிக்கடைச் சிவன் கோயிலுக்குப் போவம்," என்றார், என்னைப் பார்க்காமல்.

"நில்லுங்கோ மாமி, அவரையும் எழுப்பிக்கொண்டு வாறன்."

"வேண்டாம், படுக்கட்டும்," என்றார் மாமி. "அவன் வந்தால் என்னைப் பின்னுக்கு ஏத்திப்போடுவான்."