உப்பு வாங்கச் சொன்ன பிரசங்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். காகிதத்தை எடுத்து வைப்பேன். "கர்த்தருடைய நாளில் கோயிலில் தூங்கினேன்" என்று முதல் வரி எழுதுவேன். கை நின்றுவிடும். தூங்கினதைச் சொல்லக்கூட எனக்கு அவ்வளவு வெட்கமில்லை. தூங்கி எழுந்து நான் செய்த காரியம் நல்லபடியாக முடிந்துபோயிற்றே, அதைப் படித்துவிட்டு நாலு பேர் தாங்களும் அப்படிச் செய்யக் கிளம்பினால் பழி என் தலையில் விழுமே என்றுதான் பயந்தேன். இப்போது வயதாகிவிட்டது. சொல்லாமலே போனால் அதுவும் ஒரு பொய் என்று மனசு உறுத்துவதால் எழுதுகிறேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் எனக்கு வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற தோலை இழுத்து வெளியே போட்டு, மறுபடி உள்ளே இறக்க வேண்டும். எங்கள் செட்டில் ஆறு பேர், ஆறு பேரும் வேதக்காரர்கள். முதலாளி சாயபு. ஆகையால் ஷாப்புக்கு லீவு வெள்ளிக்கிழமை. ஞாயிறு மற்ற நாளைப் போல வேலை நாள். ஆனாலும் சாயபு நல்ல மனுஷர். செட்டுக்கு ஒரு ஆள், முறை வைத்து, ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்வரலாம் என்று விட்டிருந்தார்.

அதை வைத்து எங்கள் ஐயர் ஒரு ஏற்பாடு செய்தார். குருவானவரைத்தான் அந்நாளில் ஐயர் என்போம். கோயிலுக்குப் போய்வந்தவன், வீட்டுச் சோற்றைத் தூக்கில் கொண்டுபோவதுபோல, பிரசங்கத்தை மற்ற ஐந்து பேருக்கும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் ஜெபக்கூட்டம். வசனம் எது, ஐயர் சொன்ன அர்த்தம் என்ன, இந்த வாரம் செய்யச் சொன்ன காரியம் எது என்று மூன்றையும் அவன் சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் அதைப் பேசி ஜெபிப்போம். அடுத்த வெள்ளிக்கிழமை, செய்தாயா இல்லையா என்று ஒவ்வொருவனும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மாசத்தில் ஒரு தடவை ஐயரே சைக்கிளில் வந்து உட்கார்ந்து கேட்பார்.

எங்கள் செட்டுக்கு மேஸ்திரி ஒருவர். அவருடைய கூடப்பிறந்த தம்பியும் அதே செட்டு. இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி தன் பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, அண்ணனை ஞானத்தகப்பனாக நிறுத்தாமல் மச்சானை நிறுத்திவிட்டான். அவ்வளவுதான் விஷயம். எதிரெதிர் வீடு. அந்தக் குழந்தையை மேஸ்திரி ஒரு நாளும் தொட்டதில்லை. தெருவில் எதிரே ஓடிவந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

அவஸ்தை எனக்கு. தொட்டியடியில் இருவருக்கும் நடுவில் நின்றவன் நான்.

"அவனைத் தள்ளி நிக்கச் சொல்லு" என்பார் மேஸ்திரி, ஒரு முழ தூரத்தில் நிற்கும் தம்பியைப் பற்றி.

"உங்க அண்ணன் தள்ளி நிக்கச் சொல்றாரு" என்பேன்.

"இதுக்கு மேல தள்ளுனா தொட்டிலதான் விழணும்னு சொல்லுண்ணா."

"தொட்டில விழுவானாம், மேஸ்திரி."

"விழட்டும்னு சொல்லு."

மூன்று வருஷம் இப்படியே. வேலையைக் காட்டிலும் இந்தத் தபால் உத்தியோகம்தான் ஜாஸ்தி பேஜார்.

ஒரு சனிக்கிழமை ஏலகிரிப் பக்கத்திலிருந்து, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றின வண்டிகள் ஷாப்புக்கு வந்து, விளக்கு வைத்த பிறகும் இறக்கினோம். மறுநாள் கோயில் முறை எனக்கு. ஐயர் உப்பைப் பற்றிய வசனத்தை வாசித்தார். அதைக் கேட்டேன். அதன் பிறகு நான் கேட்டது ஆசீர்வாதத்துக்கு எல்லோரும் எழுந்த சத்தம்.

பெண்கள் பக்கத்தில் என் பெண்சாதி இருந்தாள். அவளைக் கேட்டால் பிரசங்கம் முழுவதும் சொல்லியிருப்பாள். கேட்டால் தூங்கினது தெரிந்துபோகும். மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் கோயிலுக்கு வந்தவர்களே. ஆனால் பிரசங்கத்தைப் பற்றிப் பெண்சாதியிடம் விசாரிக்கிற பழக்கம் எங்களில் ஒருவனுக்கும் கிடையாது. அந்தத் தைரியத்தில் வெள்ளிக்கிழமை வரை ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அண்ணன் ஒரு கோடி, தம்பி ஒரு கோடி. வசனத்தைச் சொன்னேன். அர்த்தம் என்ன என்று மேஸ்திரி கேட்டார். எனக்குத் தெரிந்த உப்பு எது? ஷாப்புக்கு வருகிற பச்சைத்தோலின் உப்புதான்.

"தோல் கெட்டுப்போவாம இருக்க உப்பு போடறோம். அந்த மாதிரி, சொந்தபந்தம் கெட்டுப்போவாம இருக்கவும் உப்பு வேணும்னு சொன்னாரு" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"செய்யச் சொன்னது இன்னா?" என்றார் மேஸ்திரி.

பாயின் இரண்டு கோடிகளையும் பார்த்தேன். மூன்று வருஷத் தபால் உத்தியோகம் கண்முன் வந்தது. என் வாய் தானாகச் சொல்லிற்று: "எந்த வீட்டோட பேச்சு இல்லையோ, அந்த வீட்டுக்குப் போய் ஒரு பிடி உப்பு கேட்டு வாங்கணும். அடுத்த வாரத்துக்குள்ள."

அடுப்பங்கரையில் ஒரு லோட்டா விழுந்து உருண்டது.

எல்லோரும் போன பிறகு என் பெண்சாதி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாங்க, ஐயரு எப்போ உப்பு கேக்கச் சொன்னாரு? நான்கூட அங்கதான் இருந்தேன்."

"ஒரு மாதிரி சொன்னாரு."

"குறட்டைக்கு நடுவுலயா? வெள்ளிக்கிழமை, வெளக்கு வைக்கிற நேரம். எந்த வீட்ல உப்பு குடுப்பாங்க? உப்பு குடுத்தா சண்டை வரும்னு இல்ல இந்த ஊரே பயப்படுது?"

அதை நான் நினைக்கவே இல்லை. அடுத்த வாரத்துக்குள் என்றுதானே சொன்னோம், இன்றைக்கே யார் போகப்போகிறார்கள் என்று இருந்தேன். ஆனால் ஐயர் சொன்னதாக ஒன்று காதில் விழுந்தால் மேஸ்திரி பொழுது சாய விடமாட்டார். தெருவில் சத்தம் கேட்டு இருவரும் ஓடினோம்.

தெரு நடுவில் மேஸ்திரி நின்றார், கையில் வெறும் கிண்ணம். அவருக்கு நேர் எதிரே தம்பி, அவன் கையிலும் வெறும் கிண்ணம். ஒருவன் வீட்டுக்கு ஒருவன் புறப்பட்டு, நடுவழியில் முட்டிக்கொண்டார்கள்.

மேஸ்திரி என்னைத் தேடினார். நான் வேலியோரமாக ஒதுங்கிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அவரே பேசினார்.

"நான்தான் பெரியவன். நான்தான் மொதல்ல கேப்பேன். நீ வூட்டுக்குப் போ."

"நான்தான்ணா மொதல்ல பொறப்பட்டேன். நீ போய் உள்ள உக்காரு. நான் வந்து கேக்கறேன்."

"மூணு வருஷம் கழிச்சுக்கூட எதிர்ப்பேச்சா?"

"மூணு வருஷமா யாரு பேசினது?"

யார் முதலில் உப்புக் கேட்பது என்று அண்ணனும் தம்பியும் தெருவே கூடிவிட்ட பிறகும் சண்டை போட்டார்கள். வேலியோரத்தில் நின்ற எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நடுவில் நான் இல்லை.

அதற்குள் தம்பி வீட்டிலிருந்து அந்தக் குழந்தை ஓடிவந்தது. அதன் அம்மா சொல்லி அனுப்பினாளோ, தானாக அள்ளியதோ, இரண்டு கையிலும் உப்பு. வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்து, பெரிய கிண்ணம் எதுவென்று பார்த்து மேஸ்திரி கிண்ணத்தில் மிச்சத்தைக் கொட்டிற்று. பத்துக் கல் விழுந்திருக்கும். பிறகு தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டிற்று. வானத்தைப் பார்க்க மேஸ்திரிக்கு நேரமில்லை. தூக்கிவிட்டார்.

அன்றிலிருந்து நான் நாள் எண்ணத் தொடங்கினேன். ஐயர் வருகிற தவணை அடுத்த வெள்ளிக்கிழமை. அவர் வாயால் உண்மை வந்து, அண்ணனும் தம்பியும் பழையபடி பிரிந்துவிட்டால்? ஒரு வாரம் முழங்காலில் நின்றேன். ஐயரின் சைக்கிள் பஞ்சராகட்டும் என்றுகூட ஒரு நாள் ஜெபித்தேன். ஆண்டவர் கேட்கவில்லை.

ஐயர் வந்தார். மேஸ்திரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஐயரே, நீங்க சொன்னபடி அன்னிக்கே உப்பு வாங்கிட்டோம்" என்று பெருமையாக ஆரம்பித்தார்.

"உப்பு வாங்கச் சொன்னேனா?" என்றார் ஐயர். "உப்பு வசனம் வாசிச்ச ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்தது யாருப்பா?"

ஐந்து கைகள் என்னைக் காட்டின. இனி ஒளிக்க முடியாது. "தூங்கிட்டேன், ஐயா. உப்பு கேக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

தம்பி தலையைத் தொங்கப்போட்டான். மேஸ்திரியின் முகம் கறுத்தது. "அப்போ ஐயரு சொல்லவே இல்லியா? உன் பேச்சைக் கேட்டா நான் இவனாண்ட கிண்ணம் ஏந்தினேன்?" என்று எழுந்திருக்கப் போனார். குழந்தை தூங்கிப்போயிருந்தது. அவருடைய சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. பாதி எழுந்தவர் அப்படியே பார்த்தார்.

"இது எழுந்துக்கட்டும். அப்புறம் வெச்சுக்கறேன் உங்க ரெண்டு பேரையும்" என்று மெதுவாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

"எப்பவும் இவ ரொம்ப நேரம் தூங்குவாண்ணா" என்றான் தம்பி.

"தெரியும். நேத்தும் என் மடிலதான் தூங்கினா" என்றார் மேஸ்திரி.

எனக்கு மூச்சு வந்தது. ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாம் சொன்ன பிரசங்கத்தை மறுபடி சொன்னார். குழம்பில் உப்பு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். ஆகையால் யாருக்கும் தெரியாமல் ஒரு நன்மை செய்யுங்கள் என்பதே அந்த வாரக் காரியமாம்.

அடுப்பங்கரை வாசலிலிருந்து என் பெண்சாதி சொன்னாள்: "அதான் செஞ்சிட்டாரே, ஐயா. அவருக்கே தெரியாம."

ஐயர் அடக்கினதெல்லாம் வெடித்துவிட்டது. ஆனாலும் தண்டனை போட்டார். இனி எந்த வீட்டு முறையானாலும், கோயிலுக்குப் போனவன் பிரசங்கத்தை முதலில் பெண்சாதியிடம் ஒப்பித்து, அவள் சரியென்ற பிறகே கூட்டத்தில் சொல்ல வேண்டும். அப்போதுதான் தெரிந்தது, மேஸ்திரி பெண்சாதி, தம்பி பெண்சாதி, அந்த இரண்டு ஓரகத்திகளுக்கும் முதல் நாளே எல்லாம் தெரியுமென்று. தெரிந்தும் உப்புப் பானையைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தார்கள்.

நான் பொய் சொன்னது தப்பு. அந்தத் தப்பின் மேல் ஆண்டவர் தம்முடைய தயவை வைத்தார் என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்கில்லை. அதற்குப் பிறகு தொட்டியடியில் நான் எதைச் சொன்னாலும், "இது ஐயரு சொன்னதா, நீ சொன்னதா?" என்பார் மேஸ்திரி. தம்பியும் சேர்ந்து சிரிப்பான்.

இதை என் பெண்சாதியிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். குறட்டையை நான் விட்டிருந்தேன், அவள்தான் சேர்க்கச் சொன்னாள். ஆகவே வாசிக்கிறவர்களே, இதை யாருக்காவது சொல்வதானால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நடுவில் எங்காவது கண் அசந்துபோயிருந்தால், தயவுசெய்து சொந்தமாக எதையும் போட்டு நிரப்பாமல், வீட்டிலிருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.