பெட்டிப் படத்தில் அழுதவர்கள்

சாய்ந்த மேசை போல ஒரு பெட்டி. மேலே கண்ணாடி. உள்ளே சின்னச் சின்ன விளக்குகளுக்கு நடுவே ஓர் இரும்புக் குண்டு மோதி மோதி ஓடும். அது கீழே விழப்போகும் நேரத்தில் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் இரண்டு குட்டித் துடுப்புகள் அதை மறுபடி மேலே தட்டிவிடும். அதற்குப் பின்போல் என்று பெயர் என்பதை மாமாதான் எனக்குச் சொன்னார். கித்துல்கலைக்கு மேலே, எங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடந்த பழைய ரப்பர் பெக்டரிக்குள் அப்படிப் பதினொரு பெட்டிகளை லொறியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. மாமா என்னைத் தூக்கிப் பிடிக்க, ஒரே ஒருமுறை விளையாடினேன்.

வெளிநாட்டிலிருந்து படம் எடுக்க வந்தவர்கள் அவர்கள். ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு வெள்ளைக்காரன் காட்டுக்குள் விளையாட்டு இயந்திரங்களை ஒளித்துவைத்துக் காவல் காக்கிற கதை. படத்தின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் எல்லோரும் பெட்டிப் படம் என்றே சொன்னோம். மாமா அம்மாவின் தம்பி. தோட்ட ஆபீசில் கிளாக்கர். லயத்தில் பிறந்து ஆபீஸ் கதிரையில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். ஆஸ்பத்திரித் துண்டோ அரசாங்கக் கச்சேரிக் கடிதமோ எது வந்தாலும் அவர் வாசித்துச் சொல்வதுதான் எங்களுக்கு முடிவு. இங்கிலீஷ் தெரிந்தவர் என்பதால் படக்காரர்கள் அவரையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார்கள்.

படப்பிடிப்பு முடியும் தறுவாயில் ஒருநாள், வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு எல்லோரும் பெக்டரி வாசலுக்கு வர வேண்டும் என்றார்கள். பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கெமராவைக் காணவில்லை, அன்று படம் எடுக்கவில்லை என்றே நினைத்தோம். இயக்குநர் படியில் நின்று ஏதோ சொன்னார். மாமா அவர் பக்கத்தில் நின்று, எங்களைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"தோட்டத்துல நம்ம டிவிசன மூடப் போறாங்க. வித்தாச்சாம். மாசக் கடைசிக்குள்ள லயத்த காலி பண்ணிறணும்."

 யாரோ ஒரு பெண் கத்தினாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட உடுப்போடு வந்து நின்ற அக்கா அவளைத் தூக்கப் பார்த்தாள். எங்கள் அப்பா அழுததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

அந்த வாரம் லயத்தில் யாரும் ஒழுங்காகச் சமைக்கவில்லை. அக்காவுக்குப் பதினாறு வயது. பள்ளிப் படிப்பை முடிக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. போக்கிடம் இல்லாமல் தெருவில் நிற்கும்போது குமர்ப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்பா யோசித்திருக்க வேண்டும். கொழும்பில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐந்தாம் நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். "நான் படிக்கணும்பா" என்று அக்கா சொன்னது லயத்தில் இரண்டு காம்பரா தள்ளியிருந்த வீட்டுக்கும் கேட்டது. அவளுடைய பையைச் சுமந்துகொண்டு மெயின் ரோட்டுவரை வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் மாமா. அவளுடைய தலையில் கைவைத்து, "எல்லாம் சரியாயிரும் புள்ள" என்றார்.

படக்காரர்கள் போன பிறகுதான், டிவிசனை மூடவில்லையாம், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார்களாம் என்று மாமா வந்து சொன்னார். எல்லோரும் சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். அப்பா மறுநாளே கொழும்புக்கு ஓடினார். வேறு ஆள் கிடைக்கும்வரை விட முடியாது என்று அந்த வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஆள் கிடைத்தபோது பரீட்சை முடிந்திருந்தது. அக்கா பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

போன வருடம் என் மகள் அந்தப் படத்தை இணையத்தில் கண்டுபிடித்தாள். வந்த காலத்தில் யாருமே பார்க்காத அந்தப் படத்துக்கு இப்போது உலகமெங்கும் ஒரு சிறு கூட்டம் பைத்தியமாக இருக்கிறதாம். படத்தைப் பற்றிய சுவையான தகவல்கள் என்று அவர்கள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். மகள் ஒவ்வொன்றாக வாசித்தாள். பதினொரு பெட்டிகளில் மூன்றுதான் உண்மையில் வேலைசெய்தன. மற்றவற்றுக்குள் டோர்ச் பல்பு. கதாநாயகன் ஒரு காட்சியில் நொண்டுவது நடிப்பில்லை, சப்பாத்துக்குள் அட்டை கடித்தது. பெட்டிகள் மேல் ஊற்றியது ஒரு காலைப்பொழுது முழுதும் மரம் வெட்டி எடுத்த நிஜமான ரப்பர் பால். இருவரும் சிரித்தோம்.

அடுத்ததை அவள் பாதியில் நிறுத்தினாள். "அம்மா, இத நீங்களே பாருங்க."

கடைசிக் காட்சியில் தொழிலாளர்கள் அழுவது உண்மையான அழுகை. வீடு பறிபோகிறது என்று அவர்களிடம் பொய் சொல்லி, லொறியை மூடியிருந்த தார்ப்பாய்ப் படங்குக்குள் கெமராவை ஒளித்து எடுத்தோம். உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் முதலில் தயங்கினார். படத்தின் முடிவில் தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சம்மதித்தார். இதை எழுதியிருந்தவர் அந்த இயக்குநரேதான். கீழே ரசிகர்கள் போட்ட குட்டிச் சிரிப்பு முகங்கள் வரிசையாக.

மாமா இப்போது கேகாலையில் மகன் வீட்டில் இருக்கிறார். மறுநாள் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணித்தியால வேலைன்னுதான் சொன்னாங்க. அவங்க போகுமட்டும் வாயத் தொறக்கக் கூடாதுன்னாங்க. பெறகு ஒங்கப்பா மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

"அக்காவ பஸ்ஸுல ஏத்தி விட்டீங்களே மாமா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார்.  நான் எழுந்தபோது, மெதுவாக, கூச்சத்தோடு கேட்டார். "படத்துல என் பேரு வருதாம்மா? நான் இன்னும் பாக்கல்ல."

"வருது. ஆனா தப்பா எழுதியிருக்காங்க."

அவர் முகம் வாடியது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அக்காவின் பெயரைச் சொன்னபோது வாடாத முகம்.

அக்காவிடம் சொல்லலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். கடைசியில் அவிசாவளைக்குப் போய் அவள் வீட்டில், நடந்ததையெல்லாம் சொல்லி, போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். அம்மா மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அப்பா, துவாயால் வாயைப் பொத்தியபடி, அக்காவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அன்று அக்கா அம்மாவிடம் குனிந்திருந்ததால் அதைக் கண்டிருக்கமாட்டாள்.

"திருப்பிப் போடு" என்றாள். போட்டேன். மூன்றாவது முறை, அப்பாவின் முகத்தில் படத்தை நிறுத்தச் சொன்னாள்.

"அந்த மனுசன் செத்த அன்னைக்கிகூட நான் அழுவல்ல, தெரியுமா?"

தெரியும் என்றேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அவள் அழத் தொடங்கினாள். நான் போனை அணைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.