எமெய் மலையில் தோப்புக்கரணம்

தொண்ணூறுகளின் நடுவில், கனேடியக் குடியுரிமை கிடைத்த கையோடு, நானும் மச்சாளும் சீனாவில் ஒரு மலை ஏறப் போனோம். மச்சாள் என் கணவரின் அக்கா. ரொறன்ரோவில், ஸ்கார்பரோவின் மோர்னிங்சைட்டில் இருவரும் ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஷாம்பு போத்தல்களைப் பெட்டியில் அடுக்கினோம். ஒரே பஸ்ஸில் வீடு திரும்பி, பிறகு தொலைபேசியிலும் கதைப்போம்.

மலை யோசனையைத் தந்தவள் எங்கள் வரிசையில் வேலை செய்த ஒரு சீனப்பெண். தன் ஊருக்குப் பக்கத்தில் எமெய் என்றொரு புத்த மலை இருக்கிறது, உச்சிக் கோயில் மேகத்துக்கும் மேலே நிற்கிறது என்று சாப்பாட்டு வேளைகளில் சொல்வாள். அடிவாரத்திலிருந்து உச்சி வரை கற்படிகளாம். வழியெல்லாம் மடங்களாம். படுக்கையும் கஞ்சியும் கொள்ளை மலிவாம். நாலு இடத்தில் இறங்கி மாறிப் போகிற, யாரும் வாங்க விரும்பாத விமான ரிக்கற்றுகளை விற்கும் ஒருவரையும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அன்றைக்கே கால் நிலத்தில் பாவவில்லை. மச்சாள்தான் மறுத்தார்.

“புத்தரைப் பாக்கச் சீனா மட்டும் போறதோ? ஊரில சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் கொண்டுவந்து வைச்சவங்கள்தானே. கண்டது காணும்.”

“உவர் வேற ஆள், மச்சாள். போதிசத்துவராம். யானையில இருக்கிறாராம்.”

மச்சாள் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைப் பாதியில் நிறுத்தினார். “யானையிலயோ? அப்ப எங்கட பிள்ளையாருக்கு ஏதோ சொந்தமாயிருக்கும்.”

அப்படித்தான் அவர் சம்மதித்தார். கனடாவுக்கு வந்த பிறகு அவர் போன ஆகத் தூரமான இடம் பக்கத்து நகரமான ஒஷாவா. அதுவும் ஒரு சாமத்தியச் சடங்குக்கு. அவரின் கணவர் ஊரில் சண்டை தொடங்கிய காலத்திலேயே இறந்துபோனார். அவரைப் பற்றி மச்சாள் கதைப்பதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

சீனாவில் இறங்கியபோது குடிவரவு அதிகாரி எங்கள் புத்தம்புதுக் கடவுச்சீட்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திருப்பித் தந்தான். ஒரு கேள்வியும் இல்லை. அதிகாரிகளைக் கண்டாலே அடையாள அட்டையைத் தேடிப் பழகிய எங்களுக்கு அது போதையேற்றியது. “இவ்வளவுதானோ?” என்று மச்சாள் திரும்பத் திரும்பக் கேட்டார். அதன்பின் கடைசி வகுப்பு ரயிலில் இடிபட்டபோதும், கோழிக்கூடைக்குப் பக்கத்தில் நசுங்கியபடி பஸ்ஸில் போனபோதும், எங்களுக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது.

யானை இருந்த கோயில் மலையின் கீழ்ப்பகுதியிலேயே வந்துவிட்டது. கூரை கவிந்த ஒரு செங்கல் மண்டபத்துக்குள், ஊதுபத்திப் புகைக்கு நடுவில், பெரிய வெள்ளை யானை. பக்கத்துக்கு மூன்றாக ஆறு கொம்புகள். முதுகில் தாமரை மேல் பொன்னிறத்தில் போதிசத்துவர். மச்சாள் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“பாரதம் எழுத ஒண்டை முறிச்சாலும் மிச்சம் அஞ்சு கிடக்கும்,” என்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரு கைகளாலும் காதுகளைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினார்.

எங்களுக்குப் பின்னால் மஞ்சள் துணிப்பை தொங்கவிட்ட கிராமத்துப் பெண்கள் சிலர் நின்றார்கள். எல்லோரும் வயதானவர்கள். கும்பிட வந்தவர்கள் கும்பிடுவதை விட்டுவிட்டு மச்சாளைப் பார்த்தார்கள். அவர்களில் குள்ளமான ஒருத்தி கிட்டவந்து மச்சாளின் முழங்காலைத் தொட்டு ஏதோ கேட்டாள். மச்சாளுக்குச் சீனம் தெரியாது. அதற்காக அவர் தயங்கவில்லை.

“வலக்கையால இடக்காதைப் பிடியுங்கோ அம்மா. இடக்கை மற்றக் காதுக்கு. ஓம், அப்பிடித்தான். இனி இருந்து எழும்புங்கோ.”

அந்தப் பெண் இருந்து எழும்பினாள். மற்றவர்களும் வரிசையாக நின்று காதைப் பிடித்தார்கள். கூட்டிக்கொண்டிருந்த துறவி ஒருவர் விளக்குமாற்றைப் பிடித்தபடி வாயைப் பொத்திக்கொண்டார். குள்ளமானவள் மூன்றாம் தரம் இருந்தபோது எழும்ப முடியவில்லை. தூக்கப்போன மச்சாளும் சேர்ந்து சரிந்தார். இரண்டு பேரும் யானைக்கு முன்னால் தரையில் கிடந்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிறு வலித்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது.

அதன்பிறகு அந்தப் பெண்கள் எங்களை விடவில்லை. வறுத்த சூரியகாந்தி விதையை எங்கள் கைகளில் திணித்தபடி கூடவே ஏறினார்கள். களைத்து நிற்கும் இடத்திலெல்லாம் ஒருத்தி காதைப் பிடித்துக் காட்டுவாள். உடனே எல்லோருக்கும் மூச்சு முட்டச் சிரிப்பு வரும்.

குரங்குகள் இருக்கும் இடத்தில் அவர்கள் தடியைப் படியில் தட்டி எங்களை எச்சரித்தார்கள். பலனில்லை. கிழட்டுக் குரங்கு ஒன்று மச்சாளின் கைப்பையைப் பறித்து, உள்ளிருந்த பொரிவிளாங்காயை எடுத்தது. பழுதாகாது என்று மச்சாள் ஸ்கார்பரோவிலேயே உருட்டிக் கொண்டுவந்த பலகாரம் அது. கல் மாதிரி இறுகியிருந்தது. குரங்கு கடித்துப் பார்த்தது. திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடித்தது. பிறகு படிக்கல்லில் குத்திப் பார்த்தது. கடைசியில் மச்சாளை ஒரு பார்வை பார்த்து, பொரிவிளாங்காயை அவர் காலடிக்கே எறிந்துவிட்டு, பையையும் போட்டுவிட்டுப் போய்விட்டது.

“பல்லில்லாத சனியன்,” என்றார் மச்சாள், மனம் நொந்து. “மாவில ஒரு பிழையும் இல்லை.”

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. பனிமூட்டமாய் வெண்புகார் மட்டும். வாடகைக்கு எடுத்த தடித்த பச்சைக் கோட்டுகளுக்குள் இரண்டு உருளைக்கிழங்கு மூட்டைகள் போலக் குந்தியிருந்தோம். மறுநாள் காலையும் அப்படியே. அந்தப் பெண்கள் விடைபெற்று இறங்கிப் போனார்கள். எங்களுக்கு மனம் வரவில்லை. பின்னேரம் புகார் விலகி, வெயில் முதுகில் சுட்டது. விளிம்புக் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தோம். எங்களுக்குக் கீழே மேகம் கடலாய் விரிந்து கிடந்தது. அதன் மேல் எங்கள் நிழல்கள். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம்.

“பாரும், என்ர தலையைச் சுத்தி ஒளிவட்டம்,” என்றார் மச்சாள் மெதுவாக.

“இல்லை மச்சாள், அது என்ர தலையில.”

“உமக்குக் கண் பழுது. உமக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான் கிடக்கு.”

கையை ஆட்டிப் பார்த்தோம், இடம் மாறி நின்று பார்த்தோம். எனக்கு என் தலையில் மட்டும் தெரிந்தது, அவருக்கு அவர் தலையில் மட்டும். பக்கத்தில் நின்ற ஒரு பொடியன், அது அப்படித்தான், அவரவருக்கு அவரவர் வட்டம்தான் தெரியும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினான்.

“அவர் இருந்திருந்தால் ஏன், எப்பிடி எண்டு உந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்,” என்றார் மச்சாள். “கணக்கு வாத்தியாரெல்லோ.” அவர் தன் கணவரைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவர் அழவில்லை. மேகத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்து ஆட்டினார். கீழே அவருடைய நிழலும் ஆட்டியிருக்க வேண்டும். நான் என்னுடையதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலைப்படிகளில் இறங்கிய பிறகு நாட்கணக்காக முழங்கால்கள் எங்கள் சொல் கேட்கவில்லை. ரொறன்ரோ விமான நிலையத்தின் படிகளில் இருவரும் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி இறங்கினோம். கீழே காத்து நின்ற என் கணவர் பயந்துபோனார்.

“என்ன நடந்தது? அக்கா, விழுந்திட்டீங்களோ?”

மச்சாள் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சிரிப்புத்தான் வந்தது. எனக்கும் அப்படியே. கார் வீட்டைத் தாண்டிப் பிக்கரிங் பக்கம் பிழையான பாதையில் போய்த் திரும்பி வந்த பிறகும், அந்த மனிதருக்கு எங்களால் ஒரு வசனமும் முழுதாகச் சொல்லி முடிக்க இயலவில்லை.