வேம்புலி போடாத கண்ணாடி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் கிரைண்டிங் வேலை பார்த்தவர் வேம்புலி. இரும்பைத் தேய்த்தால் பொறி பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். போட்டால்தானே! மனைவி கமலம் தினமும் சோற்றுப் பையில் மறக்காமல் வைத்து அனுப்புவார். மனிதர் அதை ஆணியில் மாட்டிவிட்டு, "நான் இன்னா சினிமா ஷூட்டிங்குக்கா வந்துகீறேன்?" என்று சிரிப்பார். சாயங்காலம் அது புத்தம்புதுசாக வீடு திரும்பும்.

ஒருநாள் பொறி கண்ணுக்குள்ளேயே போய்விட்டது. கூட வேலை பார்த்த துலுக்கானம் கைக்குட்டை நுனியைத் திரித்து, இமையைப் புரட்டி எடுத்தார். அந்தப் பட்டறைக்கு அவர்தான் கண் டாக்டர். இரண்டு நாள் கண் சிவந்தே கிடந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடுய்யா" என்று கமலம் கெஞ்சினார்.

"துலுக்கானம் எடுத்துட்டான்மே, ஆள வுடு." அத்தோடு சரி.

போன ஆடி மாதம், திருமுல்லைவாயில் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. கமலம் விடவில்லை, ஆட்டோ பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் ஷர்மிளா பொறுமையாகச் சொன்னார்: "மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சு விலகியிருக்கு. மறுபடி அடைக்காம இருக்க, ரத்தம் கட்டாத மாத்திரை தரணும். ஆனா உள்ள தலைமுடியைவிட மெல்லிசான குழாய்ங்க இருக்கு. அதுல எங்கேயாவது கசிஞ்சிருந்தா அதே மாத்திரை ஆபத்து. உயிரோட இருக்கிறவங்க மூளையில அதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ.தான் வழி."

ஸ்கேன் அறை வாசலில் டெக்னீஷியன் ஜஸ்டின் ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்டார். "கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் விழுந்திருக்கா?"

"தெனமும்தான் வுழும்" என்றார் வேம்புலி, பெருமையாக. ஐயோ, அந்தப் பெருமை!

ஜஸ்டின் பேனாவை மூடிவிட்டு, முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது கண்ணுக்குப் பின்னால் ஓர் இரும்புத் துணுக்கு வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. துலுக்கானம் எடுத்தது பாதிதான்.

அந்த மெஷின் பெரிய காந்தம். உள்ளே படுத்தால் துணுக்கு நகரும், பார்வையே போகலாம். அறுத்து எடுப்பதும் அதே அளவு ஆபத்தாம். "சாதாரண ஸ்கேன்ல அவ்வளவு நுணுக்கமா தெரியாதும்மா" என்றார் டாக்டர். "பார்க்காமலேதான் மாத்திரை குடுக்கணும். வாய் கோணினாலோ தலை வலிச்சாலோ உடனே ஓடி வாங்க."

திரும்பி வரும்போது ஆட்டோவில் கமலம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் வேம்புலிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நீ சொன்னப்பவே போட்ருக்கணும்மே. தப்புப் பண்ணிட்டேன்" என்றார். கமலம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

இப்போது தினமும் காலையில் கமலம் மாத்திரையும் தண்ணீருமாக எதிரில் வந்து நிற்கிறார். "எங்க, சிரி பாப்போம்."

வாய் நேராக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. சிரிக்கிற நிலைமையிலா இருக்கிறார் மனிதர்? இருந்தாலும் பல் தெரியச் சிரிக்கிறார். கமலம் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, முழுங்கு" என்கிறார்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் கமலம் சொல்லி வேம்புலி தட்டாமல் செய்கிற முதல் காரியம் இதுதான்.