ரிட்டன் சார்

ஓடுபாதையின் கோடியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு அவர் மூன்று பொருள்களைத் தேடுவார். முதலில் கல்குவாரி. அதற்குப் பின்னால் பால்பண்ணையின் நீலக் கூரை. அதற்கும் பின்னால், மலை முகட்டில் டெலிபோன் கோபுரம். "குவாரி இருக்கு. பண்ணை இருக்கு. கோபுரத்தைக் காணோமே" என்பார், யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதுபோல. கோபுரம் கண்ணில் படும்வரை விமானத்தில் கால் வைக்க மாட்டார். பயணிகள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அவருடைய அகலமான முதுகை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆறு பேர் உட்காரும் விமானம். தரையைக் கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்; மேகத்துக்குள் புகுந்துவிட்டால் எது மேல், எது கீழ் என்று உடம்பே பொய் சொல்லும். மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு, ஆற்றையும் ரோட்டையும் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கு வழியே முப்பத்தைந்து நிமிஷம். வழியில் மேகம் இறங்கினால் மற்றவர்கள் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று தாங்களும் கூடவே இறங்குவார்கள். இவருக்கு அந்தக் 'கொஞ்சம்' கிடையாது. "ரோடு மங்குது, போதும்" என்று திரும்பிவிடுவார். எங்கெங்கே பள்ளத்தாக்கு விரிகிறது, எங்கே விமானம் திரும்ப இடம் உண்டு என்பதெல்லாம் மனப்பாடம். ஏறின இடத்திலேயே இறங்கும் பயணிகளுக்கு இந்த ஞானத்தின் அருமை தெரிவதில்லை. அவருக்கு 'ரிட்டன் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் விமானத்துக்குப் போக மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும், வர இலவசம் என்பது டிக்கெட் கவுண்டரில் பழசாகிப்போன ஜோக்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது ஒன்றுதான்: சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். அதே நிலையத்தில், அதே மாதிரி விமானம் ஓட்டுகிறார். பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. இறங்கினதும் பயணிகள் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் சிரிக்கும்போது நம் ஆளுக்கு வயிறு பற்றி எரியும். அதே கண்ணாடியை இவரும் ஒன்று வாங்கினார். வீட்டில் மாட்டிப் பார்த்தபோது மனைவி சிரித்துவிட்டதால் அது அலமாரிக்குள் போயிற்று. சகலை பறக்கும் நாட்களில் இவர் ரேடியோ அறையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். "இறங்கியாச்சு" என்ற குரல் கேட்டதும் முகம் சுருங்கும். ஆள் நல்லபடியாகச் சேர்ந்ததில் நிம்மதிதான். ஆனாலும் சுருங்கும்.

மாமனார் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார். "சின்ன மாப்பிள்ளை கிளம்பினாருன்னா போய்ச் சேர்ந்துடுவாரு" என்று சாப்பிடும்போதெல்லாம் ஒரு தடவை. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று இவர் மனைவியின் காதில் முணுமுணுக்க, "வாயைக் கழுவுங்க" என்று அவள் தொடையில் கிள்ளினாள்.

போன மாதம் மாமனாருக்குக் கண் ஆபரேஷன். மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி, பறக்கிற நாளுக்கு மறுநாள் காலை, மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில். பெரியவரை நான்தான் கொண்டுபோவேன் என்று இவர் ஒரு வாரம் மனைவியை நச்சரித்து வாங்கிய வாய்ப்பு அது. கிளம்பும்போது மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. பதினைந்தாவது நிமிஷத்தில் முகட்டிலிருந்து மேகம் வழிய ஆரம்பித்தது. பின்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார். இன்று ஒரு நாளாவது, என்று மனசு கெஞ்சியது. ரோடு மங்கியது. திரும்பிவிட்டார்.

இறங்கினதும் மாமனார் பையை எடுத்துக்கொண்டு நேரே சகலையின் விமானத்துக்கு நடந்தார். அது கிளம்பத் தயாராக இருந்தது. இவர் ஓடிப்போய் மேகத்தைப் பற்றிச் சொன்னார். "ரோடு தெரியுதுல்ல அண்ணே? எனக்கு அது போதும்" என்றார் சகலை. போவதும் போகாததும் ஓட்டுகிறவர் முடிவு. இவர் ரேடியோ அறைக்குள் போய்ப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஒரு வரி ஏறவில்லை. மாமனார் அந்தப் பக்கம் இறங்கி ஊருக்கெல்லாம் போன் போடப்போவது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

இருபதாவது நிமிஷம் ரேடியோ கரகரத்தது. "அண்ணே இருக்காரா?"

ரேடியோக்காரர் மைக்கை நீட்டினார்.

"அண்ணே, நீங்க எந்த இடத்துல திரும்புவீங்க?"

மெதுவாகத்தான் கேட்டார். அவ்வளவு மெதுவாக அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. மைக்கைப் பிடித்தபடி இவர் ஒரு நொடி சும்மா இருந்தார். அந்த ஒரு நொடி அவருக்கு இனித்தது. பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து இனித்தது. அப்புறம் பின் சீட்டில் யார் இருக்கிறார் என்பது உறைத்தது. முன் சீட்டில் இருப்பவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு என்பது அதற்கப்புறம் உறைத்தது.

"கீழ என்ன தெரியுது?"

"ரோடு விட்டு விட்டுத் தெரியுது. இரும்புப் பாலத்தை இப்பதான் தாண்டினேன்."

பாலத்துக்கு அப்பால் பள்ளத்தாக்கு குறுகிவிடும். அங்கே யாரும் திரும்புவதில்லை. இவர் மட்டும் ஒரே ஒரு தரம் அங்கே போய் மாட்டியிருக்கிறார். சகலையைப்போல் ஒரு நாள் இருந்து பார்க்கலாமே என்ற பொறாமையில் போனது. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குக் கண்டுபிடித்த இடம் அது.

"நான் சொல்றதைக் கேளு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து 'வாங்க, போங்க' என்றே பேசிவந்த வாயில் ஒருமை தானாக வந்தது. "ஒரு நிமிஷத்துல ஆறு கொஞ்சம் விரியும். வலது பக்கச் சரிவை ஒட்டிப் போ, அப்பதான் திரும்ப முழு இடமும் இருக்கும். மரக்கிடங்குத் தகரக் கூரை தெரியும். தெரிஞ்ச உடனே இடது பக்கம் திரும்பிடு. ஏறாதே, இறங்காதே. கூரையை விட்டுக் கண்ணை எடுக்காதே."

ரேடியோ கரகரத்தது. அப்புறம் அதுவும் இல்லை. ரேடியோக்காரர் எழுந்து நின்றுவிட்டார். இவருடைய உதடு கூரை, கூரை என்று முணுமுணுத்தது.

"திரும்பிட்டேன் அண்ணே. பாலம் தெரியுது."

இருபது நிமிஷத்தில் விமானம் தரையைத் தொட்டது. முதலில் இறங்கியவர் மாமனார். அவர் கண்ணுக்கு மேகமும் தெரியாது, ரேடியோப் பேச்சும் கேட்டிருக்காது. சகலையின் காதில் மாட்டியிருந்த கருவிக்குள் நடந்த சங்கதி அது. ஆஸ்பத்திரியில் சொல்லி வேறு தேதி வாங்கிக்கொள்ளலாம் என்று பெரியவர் உற்சாகமாகவே சொன்னார். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்து, "என்ன நிதானம் பாருங்க! பெரிய மாப்பிள்ளைன்னா பயந்து திரும்புவாரு. இவரு யோசிச்சுத் திரும்பியிருக்காரு" என்றார்.

இவருக்குக் காதிலிருந்து புகை வந்தது. திரும்புவதுதான் தன்னிடமிருந்த ஒரே சொத்து. அதற்கும் அவனுக்கே கைதட்டலா? திரும்பும் இடத்தைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று இத்தனை பேர் முன்னால் அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவது என்று விமானத்தை நோக்கி நடந்தார். எட்டி எட்டி அடி வைத்துப் போய், கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தார்.

சகலை இன்னும் சீட்டிலேயே இருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடுப்புப் பெல்ட்டின் கொக்கியில் விரல்கள் வழுக்கின, மறுபடி பிடித்தன, மறுபடி வழுக்கின. இரண்டு கையும் நடுங்கியதில் கொக்கியே கடகடத்தது. நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"சின்ன மாப்பிள்ளை எங்கே, இன்னுமா இறங்கலே?" என்று மாமனார் இந்தப் பக்கமாகச் சுற்றி வந்தார். பின்னாலேயே நாலைந்து பேர் செல்போனும் கையுமாக.

இவர் ஓரடி முன்னே வைத்து, அந்த அகலமான முதுகால் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். "பெல்ட் சிக்கிக்கிச்சு மாமா, நீங்க போய் உட்காருங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே கையை விட்டு, அந்த நடுங்கும் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கொக்கியைக் கழற்றிவிட்டார்.